காய்ச்சல் விட்ட பிறகு ஏன் ஆபத்து? டெங்குவும் நம் எதிர்ப்பு மண்டலமும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் எந்த கிளினிக் வாசலிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்: "காய்ச்சல்தான் விட்டுடுச்சே டாக்டர், இப்ப எதுக்கு அட்மிட் ஆகச் சொல்றீங்க?" நாலு நாள் அனலாய்க் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் தொட்டால் சில்லென்று இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டு, இட்லி ஊட்டத் தயாராகிறார்கள். மருத்துவரோ அன்றைக்குத்தான் கவலைப்பட ஆரம்பிக்கிறார். காலையும் மாலையும் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்.

இரண்டாவது குழப்பம் இன்னும் பெரியது. தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது. டெங்கு மட்டும் இரண்டாம் முறை வரும்போது முதல் முறையைவிட மோசமாக இருக்கலாம் என்கிறார்களே, அது எப்படி? ஒருமுறை சண்டை போட்டுப் பழகிய உடம்பு இரண்டாம் முறை சுலபமாக அல்லவா ஜெயிக்க வேண்டும்?

இரண்டுக்கும் தெருவில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு." பெரும்பாலும் இது தவறான பதில். கடுமையான டெங்குவில் எதிர்ப்பு மண்டலம் தூங்குவதில்லை. அளவுக்கு மீறியும், இலக்கு தவறியும் வேலை செய்கிறது. 2025-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசும் எதிர்ப்பு மண்டலத்தின் பலத்துக்காகக் கொடுக்கப்படவில்லை. அதன் பிரேக்கைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

"சக்தி" என்ற சொல் செய்யும் குழப்பம்

சக்தி என்றதும் பேட்டரி சார்ஜ் போல ஏறி இறங்கும் ஓர் அளவு மனதில் வருகிறது. கஷாயம் குடித்தால் ஏறும், மழையில் நனைந்தால் இறங்கும். உண்மையில் அது பல வகைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி நடத்தும் ஓர் ஏற்பாடு. அதற்குள் வேகம் கூட்டும் செல்களும் உண்டு, குறைக்கும் செல்களும் உண்டு. இந்தக் கட்டுரைக்குத் தேவையானவை மட்டும் இவை:

1. முதல் அடுக்கு. பிறவியிலேயே வருவது. கிருமி எதுவென்று விசாரிக்காமல், "இது நம் வீட்டு ஆள் இல்லை" என்று தெரிந்த உடனே பாய்வது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களும், தோலிலும் சளிச்சவ்விலும் காவல் நிற்கும் டென்ட்ரிட்டிக் செல்களும் இதில் அடங்கும். சில மணி நேரத்தில் வேலை தொடங்கிவிடும்.

2. இரண்டாம் அடுக்கு. கற்றுக்கொள்வது. வந்த கிருமியின் அடையாளத்தைப் பார்த்து அதற்கென்றே ஆட்களைத் தயார் செய்யும். பி செல்கள் ஆன்டிபாடிகளைச் சுரக்கின்றன. டி செல்களில் ஒரு வகை, கிருமி புகுந்த செல்லையே கொல்கிறது. முதல்முறை என்றால் இது முழு வீச்சில் வரப் பல நாட்கள் ஆகும்.

3. நினைவு செல்கள். சண்டை முடிந்தபின் மிஞ்சி இருந்து, அதே கிருமி மறுபடி வந்தால் உடனே எழுபவை. தடுப்பூசி என்பதே இவற்றை நோயில்லாமல் உருவாக்கும் வழி.

4. சைட்டோகைன்கள். செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயனச் செய்திகள். "வாருங்கள்" என்பதும் இவைதான், "போதும்" என்பதும் இவைதான். காய்ச்சல், உடம்பு வலி, சோர்வு எல்லாம் பெரும்பாலும் இந்தச் செய்திகளின் விளைவு. கிருமி நேரடியாகச் செய்வது குறைவு.

சைட்டோகைன்களில் இன்டர்ஃபெரானைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டன்மான் இருவரும் கண்டறிந்தது. வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களுக்கு அடிக்கும் எச்சரிக்கை மணி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மணியை அறுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது கோவிட் காலத்தில் தெரிந்தது. உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். அதில் 101 பேரின் உடலில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. அவர்களுக்குச் "சக்தி" குறைவு என்று சொல்வதா, கூடுதல் என்று சொல்வதா? ஆன்டிபாடி நிறையவே இருந்தது. அது தாக்கிய இடம்தான் தவறு.

டெங்கு: கடியிலிருந்து காய்ச்சல் விடும் நாள் வரை

டெங்கு சென்னைக்குப் புதிதல்ல. 1780-லேயே மதராஸில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாக மருத்துவ வரலாற்றில் குறிப்பு இருக்கிறது. சம்ப், மொட்டைமாடித் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, தேங்காய் ஓடு என நல்ல தண்ணீர் தேங்கும் இடத்தில் முட்டையிடும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. அதற்குப் பிறகு உள்ளே நடப்பது:

1. கொசுவின் எச்சிலோடு வைரஸ் தோலுக்குள் இறங்குகிறது. அங்கே காவல் நிற்கும் டென்ட்ரிட்டிக் செல் அதைப் பிடிக்கிறது. டெங்கு வைரஸுக்கு வேண்டியதும் அதுதான். பிடித்த செல்லுக்குள்ளேயே பெருகி, அந்தச் செல்லின் முதுகில் ஏறியே நெறிக்கட்டி வரை போய்ச் சேர்கிறது. காவல்காரனையே வாகனமாக்கிக்கொள்ளும் வைரஸ் இது.

2. அடுத்த 4 முதல் 10 நாட்கள் வெளியே ஒன்றும் தெரியாது.

3. வைரஸ் ரத்தத்தில் நிறைந்து, சைட்டோகைன்கள் ஏறியதும் காய்ச்சல் அடிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, எலும்பை முறித்தாற்போல் ஒரு வலி. ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை இறங்கும். இந்த நாட்களில் எடுத்தால் என்எஸ்1 பரிசோதனை பாசிட்டிவ் காட்டும். என்எஸ்1 என்பது வைரஸ் வெளியிடும் ஒரு புரதம்.

4. நாலாவது, ஐந்தாவது நாள் வாக்கில் இரண்டாம் அடுக்கு களத்துக்கு வந்துவிடுகிறது. ஆன்டிபாடியும் டி செல்லும் சேர்ந்து வைரஸை வேகமாகக் குறைக்கின்றன. காய்ச்சல் விடுகிறது.

இங்கேதான் சிக்கல். வைரஸ் குறைகிறது, ஆனால் அதை விரட்ட எழுந்த சைட்டோகைன் வெள்ளம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. சிலருக்கு அது நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தளர்த்திவிடுகிறது. அந்தச் சுவரின் மேல் சர்க்கரைச் சேர்மங்களாலான மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. என்எஸ்1 புரதமே அந்தச் சுவரைக் கசிய வைக்கும் என்று 2015-ல் வந்த ஆய்வுகள் காட்டின. பூச்சை அது அரிப்பதும் பின்னர் தெரிந்தது. ஆக வைரஸும் உடம்பும் கூட்டாகச் செய்யும் சேதம் இது. குழாய் கிழிவதில்லை; மண்பானை கசிவது போல ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே வடிந்து, வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் சேர்கிறது. இந்தக் கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். மருத்துவர் அட்மிட் ஆகச் சொன்னது இந்த 48 மணி நேரத்துக்காகத்தான்.

லேப் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது எது?

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை வைத்துக்கொள்வோம். காய்ச்சலின் 3-ம் நாள்: வெள்ளணு 3,200, பிளேட்லெட் 1,40,000, பிசிவி 38. அதே ஆளுக்கு 5-ம் நாள்: பிளேட்லெட் 62,000, பிசிவி 46.

குடும்பத்தில் எல்லார் கண்ணும் பிளேட்லெட்டில்தான் விழும். "கவுண்ட் இறங்கிடுச்சு" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகும். மருத்துவரின் கண் முதலில் போவது பிசிவிக்கு. 100 மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதுதான் பிசிவி. இரண்டே நாளில் 38 எப்படி 46 ஆனது? புதிதாக ரத்தம் ஊறியதா? இல்லை. சாம்பார் சுண்டினால் பருப்பு கூடிவிட்டது என்று சொல்வோமா? தண்ணீர் குறைந்திருக்கிறது. பிசிவி 20 சதவீதம் ஏறினால் பிளாஸ்மா கசிவு கணிசமாக நடக்கிறது என்று அர்த்தம். இந்த உதாரணத்தில் ஏற்றம் 21 சதவீதம்.

ரத்த அழுத்தத்திலும் இப்படி ஒரு கண்கட்டு உண்டு. 100/85 என்று மெஷின் காட்டினால், "மேல் நம்பர் நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கினால் அது ஷாக்கின், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலையின், அடையாளம். உள்ளே ஓடும் திரவம் குறையக் குறைய உடம்பு குழாய்களை இறுக்கிச் சமாளிக்கிறது. அதனால்தான் கீழ் எண் ஏறுகிறது.

அப்படியானால் பிளேட்லெட்? அது இறங்குவதற்கும் எதிர்ப்பு மண்டலத்தின் பங்கு உண்டு. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி தற்காலிகமாகக் குறைகிறது, இருக்கும் தட்டணுக்களும் சீக்கிரம் அழிகின்றன. ஆனால் எண்ணிக்கை இறங்கியதற்காக மட்டும், ரத்தக்கசிவு இல்லாதவருக்குப் பிளேட்லெட் ஏற்றுவதால் பலன் உண்டா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-மும் அதற்குக் கீழும் போன 372 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. ஏற்றியவர்களுக்கும் ஏற்றாதவர்களுக்கும் ரத்தக்கசிவில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஏற்றியவர்களுக்குப் பக்கவிளைவுகள்தான் அதிகம். பப்பாளி இலைச் சாறு பற்றிய வாதத்துக்கும் இதே அளவுகோல் போதும்: கவுண்ட் ஏறினாலும் கசிவு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் அதை யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் டெங்கு ஏன் மோசமாகலாம்?

டெங்கு ஒரே வைரஸ் அல்ல; 1, 2, 3, 4 என்று நான்கு வகைகள். டெங்கு 1 வந்தவருக்கு டெங்கு 1-க்கு எதிரான பாதுகாப்பு நீண்ட காலம் இருக்கும். மற்ற மூன்றுக்கு எதிரான பாதுகாப்பு சில காலம்தான் தாங்கும். அதற்குப் பிறகு ரத்தத்தில் மிஞ்சுவது, மற்ற வகைகளோடு பாதி பொருந்தும் ஆன்டிபாடி.

ஆன்டிபாடி ஆங்கில ஒய் எழுத்து வடிவம் கொண்டது. இரண்டு கைகளால் வைரஸைப் பிடிக்கும். வால் பகுதியை மேக்ரோஃபேஜ் பற்றிக்கொண்டு, பிடிபட்டதை உள்ளே இழுத்து அழிக்கும். பிடி இறுக்கமாக இருந்தால் வைரஸ் செத்தது. பாதிப் பிடி என்றால், கைவிலங்கைச் சரியாகப் பூட்டாமல் திருடனை ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போன கதைதான். அதிலும் இந்தத் திருடன் குடியேற நினைத்த வீடே அந்த ஸ்டேஷன். மேக்ரோஃபேஜ் வகைச் செல்களுக்குள் பெருகுவதுதானே டெங்குவின் வழக்கம். பழைய ஆன்டிபாடியே அதற்குக் கதவு திறந்துவிடுகிறது. வைரஸ் பல மடங்கு பெருகுகிறது, சைட்டோகைனும் அதற்கேற்ப ஏறுகிறது, கசிவும் கூடுகிறது. ஆன்டிபாடியே நோயைத் தீவிரமாக்கும் இந்த நிகழ்வை அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் 1960-களில் பாங்காக்கில் கண்ட நோயாளிகளை வைத்து விளக்கினார்.

இது ஊகம் அல்ல என்பதற்கு மூன்று சான்றுகள்:

1. பாங்காக்கில் கடுமையான டெங்கு இரண்டு கூட்டத்தாரிடம் அதிகம் தெரிந்தது. இரண்டாம் முறை தொற்றிய பிள்ளைகள் ஒரு கூட்டம். இன்னொன்று, முதல்முறை தொற்றிய ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகள். கைக்குழந்தைக்கு ஏன்? அம்மாவிடமிருந்து வந்த டெங்கு ஆன்டிபாடி அந்தக் குழந்தையின் ரத்தத்தில் இருந்தது. பிறந்த புதிதில் அது காத்தது. மாதங்கள் போகப் போக அளவு குறைந்து அரைகுறை நிலைக்கு வந்தபோது அதுவே வினையானது. இந்த ஒரு தகவல்தான் என்னைப் பொறுத்தவரை மொத்த விஷயத்தையும் புரியவைப்பது.

2. கியூபாவில் 1977-ல் டெங்கு 1 பரவியது. 1981-ல் டெங்கு 2 வந்தபோது 3.44 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், 158 பேர் இறந்தார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் 1977-ல் முதல் தொற்றைக் கண்டவர்கள்.

3. நிகராகுவாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு. ஆன்டிபாடி இல்லாத குழந்தைக்கும் ஆபத்து குறைவு, நிறைய இருந்த குழந்தைக்கும் குறைவு. நடுத்தர அளவில் இருந்தவர்களுக்குத்தான் கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் கூடியது.

மூன்றாவது சான்றை "சக்தி கூடினால் நல்லது" என்ற கணக்கில் எப்படிப் பொருத்துவது? பொருத்த முடியாது. ஏறுமுகமாகப் போகும் கோடு அல்ல இது, நடுவில் குன்று உள்ள கோடு.

பயப்படவும் அவசரப்பட வேண்டாம். இரண்டாம் தொற்று வரும் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலானோர் சாதாரணக் காய்ச்சலோடு எழுந்துவிடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது தொற்றுகள் பொதுவாக லேசாகவே போகின்றன.

சென்னைக்காரர்களுக்கு இதில் தனிச் செய்தி உண்டு. 2011-ல் நகரின் பல இடங்களில் எடுத்த ரத்த மாதிரிகளைச் சோதித்ததில் 93 சதவீதம் பேருக்கு டெங்கு ஆன்டிபாடி இருந்தது. அதுவரை டெங்கு தொற்றாதவர்களில் ஆண்டுக்குச் சராசரியாக 23 சதவீதம் பேருக்குத் தொற்று ஏற்படுவதாகவும் அந்த ஆய்வு கணக்கிட்டது. டெங்கு தொற்றுகளில் பெரும்பகுதி அறிகுறியே இல்லாமலோ, "வைரல் ஃபீவர், ரெண்டு டோலோ போட்டேன், போயிடுச்சு" என்றோ கடந்துபோகிறது. ஆகவே இந்த ஊரில் வளர்ந்தவர் "எனக்கு டெங்கு வந்ததே இல்லை" என்று சொன்னால், அதை வைத்துக் கணக்குப் போட முடியாது.

தடுப்பூசி ஏன் இத்தனை தாமதம்?

நான்கு வகைக்கும் ஒரே சமயத்தில், ஒரே தரத்தில் ஆன்டிபாடி வர வேண்டும். ஒன்றுக்கு நன்றாகவும் மற்றதற்கு அரைகுறையாகவும் வந்தால், தடுப்பூசியே "முதல் தொற்று" போல ஆகிவிடும். பிலிப்பைன்ஸில் 2016-ல் டெங்வாக்சியா தடுப்பூசி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. 2017 நவம்பரில், இதற்கு முன் டெங்கு வராதவருக்கு இந்த ஊசி போட்டால் பின்னாளில் கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. திட்டம் நின்றது. முன்பே டெங்கு வந்தவர்களைச் சோதனை செய்து அவர்களுக்கு மட்டும் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது.

இந்தியாவில் உருவான, ஒரே தவணை போதுமான டெங்கிஆல் என்ற தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 10,335 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடரும் திட்டம். "ஊசி போட்டு ரெண்டு மாசத்துல ரிசல்ட் சொல்லக்கூடாதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் முந்தைய பத்தியில் இருக்கிறது. டெங்குவில் கெடுதல் தெரிவது உடனே அல்ல, ஆன்டிபாடி இறங்கும் காலத்தில்.

பிரேக் எங்கே இருக்கிறது?

2025 அக்டோபர் 6 அன்று அறிவிக்கப்பட்ட நோபல் பரிசை மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

டி செல்கள் மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. நம் உடலையே தாக்கக்கூடியவை அங்கேயே களையெடுக்கப்படுகின்றன. வடிகட்டல் அங்கேயே முடிந்துவிடுகிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். பிறந்த மூன்றாம் நாள் எலிக்குட்டியின் தைமஸை எடுத்துவிட்டால் டி செல் குறைந்து எதிர்ப்பு மண்டலம் மந்தமாக வேண்டும் அல்லவா? நேர்மாறாக அது வெறிகொண்டு சொந்த உறுப்புகளையே தாக்கியது. வேறொரு எலியின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தியதும் அடங்கியது. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே மற்றதை அடக்கும் ஒரு பிரிவு இருக்க வேண்டும். சகாகுச்சி 1995-ல் அதை அடையாளம் காட்டினார். இவைதான் ஒழுங்குபடுத்தும் டி செல்கள்.

பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் வேறு வழியில் வந்தார்கள். 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கதிர்வீச்சு ஆய்வுக்காக வளர்த்த எலிகளில், தோல் செதில் செதிலாக உரியும் ஆண் எலிகள் தானாகவே பிறந்தன. சில வாரங்களே உயிர் வாழ்ந்தன. அவற்றின் டி செல்களே உறுப்புகளைத் தின்றுகொண்டிருந்தன. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் எங்கோ இருக்கிறது. இன்றைய வேகக் கருவிகள் இல்லாத 1990-களில் இருவரும் தேடித் தேடி 20 மரபணுக்கள் வரை சுருக்கினார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியாக மிஞ்சிய இருபதாவதில்தான் பிழை இருந்தது. அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். ஐபெக்ஸ் என்ற அரிய நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கும் இதே மரபணுவில்தான் கோளாறு என்று 2001-ல் காட்டினார்கள். இந்த ஃபாக்ஸ்பி3-தான் ஒழுங்குபடுத்தும் டி செல்லை உருவாக்கும் சாவி என்பது இரண்டு ஆண்டுகளில் உறுதியானது.

பிரேக் பழுதானால் என்ன ஆகும் என்பதை அந்த எலிகள் காட்டின. பிரேக் அதிகமாகப் பிடித்தாலும் ஆபத்துதான். புற்றுக்கட்டிகள் தங்களைச் சுற்றி இந்த அடக்கும் செல்களைக் கூட்டிவைத்துக்கொண்டு தப்பிக்கின்றன. சில புற்றுநோய்களுக்கு இப்போது தரப்படும் இம்யூனோதெரபி மருந்துகள் எதிர்ப்பு மண்டலத்தின் வேறு சில பிரேக்குகளை விடுவிப்பவை. அதனால்தான் அந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குத் தைராய்டும் குடலும் பாதிக்கப்படுகின்றன.

அப்படியானால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிட்டால் என்ன?

இதுவரை படித்தவருக்கு இயல்பாக எழும் கேள்வி. கோவிடில் இது பலித்தது, ஆனால் நேரம் பார்த்துத்தான். 2020-ல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. ஆரம்ப நாட்களில் வைரஸை விரட்ட எதிர்ப்பு மண்டலம் வேண்டும், பிந்தைய நாட்களில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரே மருந்து, நாள் மாறினால் கதை மாறுகிறது. 2021 இரண்டாம் அலையில் இந்த வித்தியாசம் தெரியாமல் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டவர்கள் உண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, கருப்புப் பூஞ்சைக்கு அது வழிவிட்டது.

டெங்குவிலும் முயன்று பார்த்தார்கள். வியட்நாமில் நோயின் ஆரம்பத்திலேயே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்த ஆய்வு 2012-ல் வெளியானது. கசிவோ ஷாக்கோ குறையவில்லை. எனவே டெங்குவுக்கு இன்றைக்கும் சிகிச்சை என்பது திரவத்தை அளந்து கொடுப்பதும், நேரத்துக்கு நேரம் பார்ப்பதும்தான்.

காசநோய்: அடைத்து வைக்கும் கலை

சென்னையில் எதிர்ப்பு மண்டலம் பற்றிப் பேசினால் காசநோயை விட்டுப் போக முடியாது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டிய ஆய்வு இங்கே நடந்ததுதான்.

காசநோய்க் கிருமியைப் பல சமயம் உடம்பால் கொல்ல முடிவதில்லை. மேக்ரோஃபேஜ்கள் சுற்றி நின்று உருண்டையாகச் சுவர் எழுப்பி அதை உள்ளேயே அடைத்துவிடுகின்றன. ஆள் ஆரோக்கியமாக நடமாடுவார். அந்தச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் சைட்டோகைன்களில் ஒன்று டிஎன்எஃப். முடக்குவாதத்துக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் ஊசி வந்தபோது மூட்டு வலி குறைந்தது. சிலருக்கு உள்ளே அடைபட்டிருந்த காசநோய் வெளியே வந்தது. 2001-ல் இது தெரிந்தபின், அந்த ஊசி போடும் முன் காசநோய்ச் சோதனை வழக்கமானது. மூட்டைக் கெடுத்த அதே மூலக்கூறுதான் நுரையீரலைக் காத்துக்கொண்டிருந்தது.

1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய, காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி பற்றிய ஆய்வும் இதே போலத் திகைப்பைத் தந்தது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999-ல் வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை. நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் முன்பே உடம்புக்கு ஏதோ கற்றுக்கொடுத்திருக்கலாம், அதனால் ஊசியின் கூடுதல் பயன் தெரியவில்லை என்பது ஒரு முக்கிய விளக்கம். பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பிசிஜி காப்பதால், பிறந்ததும் போடுவது தொடர்கிறது.

"எதிர்ப்பு சக்தி கூட்ட" என்று விற்கும் பொடிகள் பற்றி ஒரு வார்த்தை. பற்றாக்குறையை நிரப்புவது வேறு, நிறைந்ததன் மேல் ஊற்றுவது வேறு. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்த ஆய்வு 2023-ல் வெளியானது. அவர்களிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை.

காய்ச்சல் விட்ட பின் அந்த 48 மணி நேரம்

டெங்கு என்று உறுதியானால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் கூடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் கவுண்ட் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

1. விடாத வயிற்று வலி
2. அடங்காத வாந்தி
3. ஈறு, மூக்கில் ரத்தம், அல்லது கருப்பாக மலம்
4. மூச்சு வாங்குவது
5. அசதி, அல்லது இருப்புக் கொள்ளாமல் புரள்வது. குழந்தை என்றால் காரணமில்லாத சிணுங்கல்
6. கை கால் சில்லிட்டுப் போவது
7. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது

இந்தக் கட்டம் தாண்டியதும் குழாய்ச் சுவர் தானாக இறுகுகிறது. வெளியே கசிந்த நீர் அடுத்த இரண்டு மூன்று நாளில் ரத்தத்துக்கே திரும்புகிறது. பசி எடுக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும், சிவந்த தோலில் வெள்ளைத் திட்டுகளோடு அரிப்பும் வரும். பிசிவி இறங்கும். அந்த நேரத்தில்தான் மருத்துவர் டிரிப்ஸை நிறுத்தச் சொல்வார். "பிளேட்லெட் இன்னும் எண்பதாயிரம் கூட வரல, இப்பப் போய் குளுக்கோஸை நிறுத்துறாங்களே" என்று வார்டில் சண்டை நடப்பதும் அப்போதுதான். கசிந்த நீர் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது பாட்டிலிலிருந்தும் ஏற்றினால், மிஞ்சியது நுரையீரலில்தான் போய் நிற்கும்.